பலகைக்கு முன்னால் ஒரு நிமிடம்

நீளம் தாண்டுதலில் பெயரைக் கூப்பிட்ட பிறகு ஒருவருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அதற்குள் ஓடத் தொடங்கிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பாலக்காட்டில் நடந்த மாவட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டியில், என்னிடம் பயிற்சி பெற்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அந்த ஒரு நிமிடத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். முதல் இரண்டு தாண்டலும் ஃபவுல்: உந்தித் தாண்டும் பலகையைத் தாண்டிக் கால் பதிந்துவிட்டது. மூன்றாவதும் போனால் அடுத்த சுற்றுக்குப் போகும் எட்டுப் பேரில் இடம் இல்லை. கயிற்றுக்கு வெளியே இருந்த நான், "பலகையைத் தாண்டி மிதித்துவிடாதே!" என்று கத்தினேன். ஓடி வந்தாள், மிதித்தாள், நடுவரின் கையில் சிவப்புக் கொடி உயர்ந்தது.

கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பும் பஸ்ஸில், சித்தூர் தாண்டும் வரை அவள் வாய் திறக்கவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்கள் கத்தியதும் பலகை மட்டும்தான் சார் தெரிந்தது. மணலே தெரியவில்லை."

பதினான்கு மாதம் அவளுடைய தொடைக்கும் கணுக்காலுக்கும் பயிற்சி கொடுத்திருந்தேன். அந்த ஒரு நிமிடத்துக்கு எதுவுமே கொடுத்திருக்கவில்லை. அதன் பிறகுதான் விளையாட்டு உளவியலைப் படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எங்கள் மைதானத்தில் நின்றதை மட்டும் இங்கே எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, கோபாலபுரம் என்று கேரளத்தின் தமிழக எல்லையோர ஊர்களில், வீட்டில் தமிழும் போட்டி மைதானத்தில் மலையாளமுமாக வளரும் பிள்ளைகளோடு வேலை செய்யும் உடற்கல்வி ஆசிரியர், கிளப் பயிற்சியாளர், தம்பியை ஓடப் பழக்கும் அண்ணன், தினமும் மைதானத்து ஓரத்தில் காத்திருக்கும் அம்மா ஆகியோருக்காக இது. இதைப் படித்தால் யாரும் உளவியலாளர் ஆகிவிட முடியாது, ஆகவும் வேண்டாம். ஒரு பயிற்சியாளர் தன் எல்லைக்குள் நின்று செய்யக்கூடியதே ஏராளம்.

இந்தத் துறை நேற்று முளைத்ததல்ல. தனியாக மிதிப்பவரைவிடப் பக்கத்தில் இன்னொருவர் மிதிக்கும்போது சைக்கிள் வீரர் வேகமாகப் போவது ஏன் என்று நார்மன் டிரிப்லெட் ஆராய்ந்தது 1898-இல். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் இதற்கென்றே ஓர் ஆய்வகம் நடத்தியது 1925-இல். நம் நாட்டில் பலருக்கும் தெரிந்த முகம் பேடி அப்டன்: 2011 உலகக் கோப்பையை வென்ற கிரிக்கெட் அணியோடும், 2024-இல் 18 வயதில் உலக சதுரங்கப் பட்டம் வென்ற குகேஷோடும் மனப் பயிற்சியாளராக இருந்தவர். அவர்களுக்குக் கிடைத்தது நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அடிப்படைகளுக்குப் பணம் தேவையில்லை. ஒரு நோட்டும் ஒரு ஸ்டாப்வாட்சும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் கேளுங்கள்

எதையும் கற்றுக்கொடுப்பதற்கு முன் இரண்டு வாரம் கேட்பதற்கென்றே ஒதுக்குங்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்டால் பிள்ளை பரீட்சைக்கு வந்ததுபோல விறைத்துக்கொள்ளும். வார்ம்-அப்பில் மெதுவாக ஓடும்போது கூடவே ஓடுங்கள், ஸ்பைக்ஸ் மாட்டும்போது பக்கத்தில் குந்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பார்வைக்குள்ளேயே, ஆனால் காதுக்கு எட்டாத தூரத்தில் பேசுங்கள். பூட்டிய அறையில் பேச்சு வேண்டாம். பிள்ளையின் பாதுகாப்புக்கும் உங்கள் மதிப்புக்கும் அதுதான் நல்லது.

கேட்க வேண்டியவை மூன்றே. மிக நன்றாகச் செய்த நாளில் உள்ளுக்குள் எப்படி இருந்தது? மோசமாகப் போன நாளில் எப்படி இருந்தது? ஓடிக்கொண்டிருக்கும்போது உனக்குள் நீயே என்ன சொல்லிக்கொள்கிறாய்?

மூன்றாவது கேள்விக்கு முதல் வாரத்தில் பதில் வராது. "ஒன்றும் இல்லை சார்" என்பார்கள். விட்டுவிடுங்கள். நான்காவது முறை கேட்கும்போது வரும். வரும் பதில் சில சமயம் நெஞ்சைப் பிசையும். 800 மீட்டர் ஓடும் ஒரு பையன், இரண்டாவது சுற்றில் தன் மாமா குரல் கேட்பதாகச் சொன்னான்: "இவன் எங்கே உருப்படப் போகிறான்." மூன்று ஆண்டு அதைச் சுமந்துகொண்டு ஓடியிருக்கிறான். அவனுடைய கை அசைவைத் திருத்திக்கொண்டிருந்தேன் நான்.

கூடவே ஒரு பழக்கம். ஒவ்வொரு முறை நேரம் எடுப்பதற்கு முன்பும், படபடப்பு எவ்வளவு என்று 1 முதல் 10 வரை ஓர் எண் சொல்லச் செய்யுங்கள். ஓடிய நேரத்தை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஏழெட்டு முறை எழுதினால் அந்தப் பிள்ளையின் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும். பதற்றம் மிகவும் குறைந்தாலும் கெடுதல், மிகவும் கூடினாலும் கெடுதல் என்ற கருத்து 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வந்தது. அந்த நடு அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்று பிற்காலத்தில் வலியுறுத்தியவர் யூரி ஹானின். எங்கள் குண்டு எறியும் பெண்ணுக்கு எட்டு வந்தால்தான் கை வேலை செய்யும், தன் தொடையைத் தானே அறைந்து ஏற்றிக்கொள்வாள். 800 மீட்டர் பையனுக்கு ஐந்தைத் தாண்டினால் முதல் 200 மீட்டரிலேயே மூச்சு போய்விடும். இருவரையும் ஒன்றாக நிறுத்தி "பயப்படாதீர்கள், அமைதியாக இருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒருத்திக்கு அது தேவையே இல்லை, மற்றவனுக்கு அது போதவில்லை.

மூச்சு

பயிற்சி முடிந்து உடல் ஆறும்போது தினமும் ஐந்து நிமிடம். தரையில் மல்லாந்து படுத்து, ஒரு கை வயிற்றில். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும், அது உடலின் ஏற்பாடு. வயிற்றில் வைத்த கை ஏறி இறங்க வேண்டும், தோள் ஏறினால் அது மார்பு மூச்சு. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்போது இங்கே மைதானம் முழுக்கப் புழுதிதான். அப்போது சுவரோரமாகவோ வகுப்பறை வராந்தாவிலோ செய்யுங்கள். தும்மிக்கொண்டே மூச்சுப் பயிற்சி செய்ய முடியாது.

மூன்று வாரம் படுத்துச் செய்த பிறகு நின்றுகொண்டு, பிறகு நடந்துகொண்டு, பிறகு ஒரு 200 மீட்டர் ஓடி முடித்ததும் மூச்சு வாங்கும்போதே இரண்டு முறை. இந்தக் கடைசிப் படிதான் போட்டிக்கு உதவுவது. போட்டியன்று காலையில் முதன்முறையாக "ஆழமாக மூச்சு விடு" என்று சொல்வது, அன்றைக்குப் புது ஸ்பைக்ஸ் வாங்கிக் கொடுப்பதற்குச் சமம்.

எல்லாப் படபடப்பையும் தணிக்க வேண்டும் என்பதும் இல்லை. 2014-இல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பலர் முன் பாடுவதற்கும் பேசுவதற்கும் முன்னால் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். இதயம் அடித்துக்கொள்வது பயத்திலும் ஒன்றுதான், உற்சாகத்திலும் ஒன்றுதான். அதற்கு வைக்கும் பெயரை மாற்றலாம். எங்கள் பிள்ளைகளுக்கு "உற்சாகம்" புத்தகச் சொல்லாகப் பட்டது. "உடம்பு தயாராகிறது" என்று அவர்களே மாற்றிக்கொண்டார்கள். அது நன்றாக ஒட்டிக்கொண்டது.

சொல்

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இந்தப் படிதான். இதில் அவசரப்பட வேண்டாம்.

வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொன்னால் மனம் வெள்ளைக் கரடியையே சுற்றிச் சுற்றி வரும் என்று 1987-இல் டேனியல் வெக்னர் சோதனை செய்து காட்டினார். "மிதித்துவிடாதே" என்று நான் கத்தியதும் அந்த மாணவிக்கு நேர்ந்தது அதுவே. அதனால் பயிற்சியாளரின் வாயிலிருந்து முதலில் போக வேண்டியவை "விழாதே", "பின்தங்காதே", "பேட்டனைத் தவறவிடாதே" போன்ற சொற்கள். அவற்றின் இடத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "முட்டி மேலே", "வளைவில் உள்பக்கம்", "கையை நீட்டி வை". எளிதாகத் தோன்றும். ஒருநாள் மாலை உங்கள் பேச்சை நீங்களே போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு மணி நேரத்தில் "தே" என்று முடியும் கட்டளை 40-க்கு மேல் இருந்தது.

அடுத்தது, பிள்ளை தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல். 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011-இல் ஒரு கிரேக்க ஆய்வுக் குழு பார்த்தபோது, இந்த மனப்பேச்சைத் திட்டமிட்டுப் பழகியவர்களின் திறன் கூடியிருந்தது தெரிந்தது. துல்லியம் வேண்டிய வேலைகளில், "என்னால் முடியும்" போன்ற ஊக்கச் சொல்லைவிட எதைச் செய்ய வேண்டும் என்று காட்டும் சொல் கூடுதலாக உதவியது.

அந்தச் சொல் எந்த மொழியில் இருக்க வேண்டும்? எல்லையோரத்தில் இருப்பவர்கள் மட்டுமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஒரு பயிற்சி முகாமில் மலையாளத்து மாஷ் (ஆசிரியர்) ஒருவர், அந்த மாணவிக்குக் கடைசி அடிகளுக்காக "முட்டு பொக்கு", அதாவது முட்டியைத் தூக்கு, என்று சொல்லிக் கொடுத்திருந்தார். நல்ல பயிற்சியாளர், சரியான திருத்தம். அவளுக்கு மலையாளம் நன்றாகவே தெரியும், பள்ளித் தோழிகளோடு சண்டை போடுவதே அந்த மொழியில்தான். ஆனாலும் பலகையை நெருங்கும்போது அந்தச் சொல் அவளுக்குக் கட்டளையாகவே இருந்தது, வேறொருவர் பக்கத்தில் நின்று சொல்வதுபோல. பத்து முறை தாண்டச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மணலிலிருந்து எழுந்ததும், "கடைசி மூன்று அடியில் என்ன சத்தம் கேட்டது?" என்று மட்டும் கேட்டேன். ஏழாவது முறை, முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, "தக தக தாவு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சின்ன வயதில் வாய்க்காலைத் தாண்டும்போது அவளுடைய பாட்டி கரையில் நின்று "தாவு, தாவு" என்பாராம்.

அந்தச் சொல்லில் நான் கொடுத்தது எதுவும் இல்லை. ஆனால் மாஷ் சொன்ன திருத்தமும் அதற்குள் இருந்தது. "தாவு" என்னும்போது முட்டி தானாக ஏறியது. வேறொரு பிள்ளைக்கு மலையாளச் சொல்லே இயல்பாக வரலாம், இன்னொருவனுக்கு வெறும் "உஷ்" என்ற ஒலி போதும். எந்த மொழி என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். ஒன்றிலிருந்து மூன்று சொல், ஓடும் தாளத்தில் பொருந்துவது, பிள்ளையின் வாயிலிருந்தே வந்தது: இந்த மூன்றையும் பார்த்தால் போதும். கிடைத்த பிறகு அதைப் பயிற்சியில் நூறு முறை சொல்லச் செய்யுங்கள், முதலில் சத்தமாக, பிறகு உதட்டளவில், பிறகு உள்ளே.

800 மீட்டர் பையனுக்கு இது இன்னும் நீண்ட வேலையாக இருந்தது. மாமாவின் குரலை விரட்டு என்று சொல்லவில்லை, அது வெள்ளைக் கரடி ஆகிவிடும். அந்தக் குரல் வரும் இடத்தைக் கண்டுபிடித்தோம். இரண்டாவது சுற்றில், 500 மீட்டரைத் தாண்டும் வளைவு. அந்த இடத்துக்கென்று அவனே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தான்: முன்னால் ஓடுபவனின் முதுகு எண்ணைப் படிப்பது, "தோளை இறக்கு" என்று சொல்லிக்கொள்வது. குரல் இன்னமும் வருகிறது என்கிறான். ஆனால் எண்ணைப் படிப்பதற்குள் வளைவு முடிந்துவிடுகிறதாம்.

அந்த ஒரு நிமிடத்துக்கு ஓர் ஒழுங்கு

மூச்சும் சொல்லும் கைவந்த பிறகு அவற்றைக் கோத்து ஒரே வரிசையாக்குங்கள். நாங்கள் வைத்திருப்பது இப்படி: பெயர் கூப்பிட்டதும் அடிப்பாதத்தில் ஒட்டிய மணலைத் தட்டுவது. அடையாளக் கோட்டில் நின்று மணல் குழியின் தூர ஓரத்தைப் பார்ப்பது, பலகையை அல்ல. இரண்டு நீண்ட மூச்சு. ஓடி வந்து தாவுவதை ஒருமுறை உள்ளுக்குள் பார்ப்பது. சொல். ஓட்டம். எல்லாம் சேர்ந்து 35 வினாடி. மீதி வினாடிகள் காற்றுக்காக. எதிர்க்காற்று அடித்தால் சற்றுப் பொறுக்கலாம். ஸ்பிரின்ட் ஓடுபவருக்கு இதே வரிசை ஸ்டார்ட்டிங் பிளாக்குக்குப் பின்னால், கபடி ஆடுபவருக்கு ரெய்டுக்கு முன் கோட்டருகே. வடிவம் மாறும், தத்துவம் ஒன்றுதான்: என்ன நடந்தாலும் அதே வரிசை.

"உள்ளுக்குள் பார்ப்பது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன், அதற்கும் பழக்கம் வேண்டும். ஹோம்ஸ், காலின்ஸ் ஆகியோர் 2001-இல் முன்வைத்த முறை இதில் பயன்படும். கண்ணை மூடிப் படுக்கையில் கிடந்து கற்பனை செய்வதைவிட, ஸ்பைக்ஸ் அணிந்து, அதே ஓடுபாதையில், அதே நிலையில் நின்று, உண்மையில் எடுக்கும் நேரமே எடுத்துக்கொண்டு, கால் அழுத்தம், காற்று, நெஞ்சின் படபடப்பு எல்லாவற்றோடும் மனத்தில் ஓடுவது நல்லது என்பது அதன் சாரம். 16 காலடி ஓட்டம் மனத்தில் இரண்டே வினாடியில் முடிந்தால் அது சினிமா பார்ப்பது போன்றது, பயிற்சி அல்ல. மனக்காட்சியிலும் ஃபவுலே வருகிறது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. பதற வேண்டாம். கடைசி மூன்று அடியை மட்டும், மெதுவாக, சரியாக வரும் வரை பார்க்கச் சொல்லுங்கள்.

ஒழுங்கு பழகிய பிறகு அதைக் கெடுத்துப் பாருங்கள். போனில் மலையாள அறிவிப்பை ஒலிக்க விடுங்கள். ஓடத் தொடங்கும் நேரத்தில் ஒரு பையனைக் குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் இரு" என்று நடுவர்போல நிறுத்தி மூன்று நிமிடம் காக்க வையுங்கள். தகுதிச் சுற்றான ஹீட்ஸ் தள்ளிப்போவதும், அறிவிப்பு விளங்காமல் போட்டியாளர்கள் கூட வேண்டிய அறைக்கு (call room) ஓடுவதும் நம் போட்டிகளில் அன்றாடம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் சிலருக்கு மலையாள அறிவிப்பே ஒரு பயம். தன் பெயரை வேறு உச்சரிப்பில் கூப்பிடும்போது அது தன்னையல்ல என்று நின்றுவிட்ட பையனை நான் பார்த்திருக்கிறேன். அதையும் பயிற்சியில் பழக்கிவிடலாம்.

நம் பாலக்காட்டுக்காரர் முரளி ஸ்ரீசங்கரின் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். முதல் நான்கு முயற்சியில் எட்டு மீட்டரைத் தொடவில்லை. ஐந்தாவதில் 8.08 மீட்டர், வெள்ளி. ஆறு முயற்சிகள் என்றால் ஆறு தனித்தனி நிமிடங்கள். முந்தையதை அடுத்ததற்குள் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

மறு ஆண்டு அதே மாவட்டப் போட்டியில் அந்த மாணவிக்கு முதல் முயற்சி ஃபவுல். நான் கயிற்றுக்கு வெளியே வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவள் மணலைத் தட்டினாள், குழியின் ஓரத்தைப் பார்த்தாள், உதடு அசைந்தது. வெள்ளைக் கொடி. அடுத்த சுற்றுக்குப் போகும் எட்டுப் பேரில் இடம் பிடித்து ஆறாவதாக முடித்தாள். பதக்கம் இல்லை. ஆனால் பஸ்ஸில் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தாள்.

இலக்கு, நோட்டு

"மாநிலப் போட்டியில் முதலிடம்" என்பது ஆசை. அதை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் தினமும் காலையில் கையில் எடுக்கக்கூடியது அது அல்ல. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் முடித்தார். மூன்றாம் இடம் 55.41. அதே 55.42-ஐ கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் எட்டித் தேசியச் சாதனையைச் சமன் செய்து, இறுதியில் வெண்கலம் வென்றார். ஒரே நேரம், ஓரிடத்தில் நான்காவது, ஓரிடத்தில் இறுதிச் சுற்றுக்குக் கதவு. இடம் பக்கத்து லேனில் ஓடுபவரையும் பொறுத்தது. நேரம் பெரும்பாலும் நம்மைப் பொறுத்தது. தடைகளுக்கு இடையே எத்தனை காலடி என்பது முழுக்க முழுக்க நம்முடையது. இலக்கை இந்த மூன்று அடுக்காகவும் எழுதச் சொல்லுங்கள். அன்றாடம் பேசுவது மூன்றாவதைப் பற்றி மட்டும்.

கூடவே ஒரு பக்கத்தில் நம் கையில் உள்ளவை, மறுபக்கத்தில் இல்லாதவை. காற்று, லேன், மழை, நடுவர், எதிராளியின் உயரம் ஒருபுறம். தூக்கம், மூச்சு, சொல், தண்ணீர் குடிப்பது மறுபுறம். காற்றுக்குப் பெயர்போன இந்த ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரவில் மூன்று வரி நோட்டில்: இன்று எது நன்றாக வந்தது, எது வரவில்லை, நாளை எதை முயல்வேன். முதல் வரி எப்போதும் நன்றாக வந்ததுதான். இதை மதிப்பெண் போடும் நோட்டாக ஆக்கிவிடாதீர்கள், பிள்ளை காட்டினால் மட்டும் படியுங்கள்.

உங்கள் வாயும் வீட்டார் வாயும்

அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மோல் இருவரும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கு, தவறியதும் திட்டாமல் முதலில் முயற்சியைச் சொல்லிப் பிறகு திருத்தத்தைச் சொல்வது எப்படி என்று பயிற்சி கொடுத்தார்கள். 1992-இல் வெளியான அவர்கள் குழுவின் ஆய்வில், மறு ஆண்டு விளையாட்டை விட்டுப் போனவர்கள் அப்படிப்பட்ட பயிற்சியாளரிடம் 5 சதவீதம், மற்றவர்களிடம் 26 சதவீதம். பத்தாம் வகுப்போடு எத்தனை பேர் மைதானத்தை விட்டுப் போகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் கனம் புரியும்.

வீட்டாரோடு பேசுவது கூடுதல் நுட்பம் வேண்டிய வேலை. கேரளத்தில் விளையாட்டுக்குக் கிரேஸ் மார்க் உண்டு, வேலையில் ஒதுக்கீடு உண்டு. தென்னந்தோப்பில் கூலிக்குப் போகும் ஒரு அப்பா அதை நினைத்து மகனைத் துரத்துவதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அவருக்கு உபதேசம் செய்யாதீர்கள். "அண்ணா, போட்டி முடிந்து வண்டியில் கூட்டிப் போகும்போது முதலில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள், மற்றதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்" என்று ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். செய்வார்கள். தோற்ற அன்று மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்து வீடு வரை திட்டு வாங்குவதுதான் பல பிள்ளைகளுக்குப் போட்டியைவிடப் பெரிய பயம்.

உடம்பு நலமாக இருந்தால்தான்

இதைக் கடைசியில் எழுதினாலும் இதற்குத்தான் முதலிடம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, இரவு பதினொன்றுக்கு டியூஷன் பாடம் என்றால் கணக்கு எங்கேயும் சேராது. பயிற்சியைத் தள்ளி வையுங்கள். பசியோடு வரும் பிள்ளைக்கு மன உறுதி சொல்லிக் கொடுக்க முடியாது, முதலில் நிலக்கடலையும் வாழைப்பழமும். பெண் பிள்ளைகளின் எடையைப் பற்றி மைதானத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பதை விதியாக்குங்கள். உடலுக்குத் தேவையான உணவு போகாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பு பலவீனமாகலாம். மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். இதைப் பேச ஒரு பெண் ஆசிரியையோ ஓர் அக்காவோ குழுவில் இருக்கட்டும்.

காயம் பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவது நாம் வழக்கமாகச் செய்யும் தவறு. 2024 ஏப்ரலில் முழங்கால் காயத்தால் ஸ்ரீசங்கரின் பாரிஸ் ஒலிம்பிக் கனவே கைநழுவியது. அந்த அளவு வீரருக்கே அப்படி என்றால், பதினைந்து வயதில் கணுக்கால் பிசகியவனுக்கு ஓட முடியாத ஆறு வாரம் ஒரு யுகம். ஸ்டாப்வாட்சை அவன் கையில் கொடுங்கள். மனத்தில் ஓடும் பயிற்சியை அவன் நிறுத்தத் தேவையில்லை.

உங்கள் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனதும் அணி இறுதிப் போட்டியிலிருந்து விலகினார். உலகின் முதல் நிலை வீராங்கனைக்கே நிறுத்துவது சரி என்றால் நம் பிள்ளைக்கும் சரி. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெடுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, நண்பர்களை விட்டு விலகுவது, பிடித்ததே பிடிக்காமல் போவது, காரணமில்லாத அழுகை அல்லது எரிச்சல் ஆகியவற்றைப் பார்த்தால் மூச்சுப் பயிற்சி போதாது. பள்ளிக் கவுன்சலரிடமோ தாலுக்கா மருத்துவமனையிலோ கேளுங்கள். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 நாடு முழுவதும் இயங்குவது, தமிழிலும் பேசலாம். கேரளத்தின் சுகாதார உதவி எண்ணான திஷா 1056. யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி பாலியல் கொடுமையைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். சாவைப் பற்றி ஒரு பிள்ளை பேசினால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே, தனியாக விடாமல் பெரியவர்களிடமும் மருத்துவரிடமும் கொண்டுபோங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்குறுதியை முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள். "உனக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவிக்கு ஆள் கூப்பிடுவேன், மற்றது நம்மோடு" என்று சொல்லுங்கள்.

800 மீட்டர் பையனை நான் அப்படித்தான் அழைத்துப் போனேன். வளைவில் எண்ணைப் படிக்கத் தொடங்கிய சில மாதம் கழித்து அவன் பயிற்சிக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வாட்டர் பாட்டிலைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் அம்மாவிடம் பேசினேன். முதலில் "பைத்தியம் என்று ஊர் சொல்லும்" என்றார். முட்டி வலித்தால் எலும்பு மருத்துவரிடம் போவது போலத்தான் அம்மா என்றேன், நானும் கூட வருகிறேன் என்றேன். கடைசியில் அந்த இரண்டாவது வாக்கியம்தான் அவரை எழுப்பியது. மருத்துவமனை வராந்தாவில் மூவரும் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், மருத்துவர் அவனோடு தனியாக நாற்பது நிமிடம் பேசினார். அதன் பிறகு மாதம் ஒருமுறை போய் வந்தான். அந்த நாட்களில் அவனை ஓடச் சொல்லவில்லை, வா என்று மட்டும் சொன்னேன்.

இப்போது மறுபடியும் ஓடுகிறான். நேரம் முன்பைவிட மூன்று வினாடி கூடுதல். மாலை ஐந்து மணிக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, பாதையில் கூம்புகளை எண்ணி வைப்பது அவன்தான்.